ப்ரொஃபஸர் கிழித்த நோட்டும் தோன்யா மார்த்தினாவின் வாடகை வீடும்

கேள்வி இதுதான்: "மணி ஹைஸ்ட் என்ற ஸ்பெயின் தொடரைத் தமிழ் டப்பிங்கில் முழுக்கப் பார்த்து முடித்தேன். பணம் அச்சடிப்பது திருட்டே இல்லை, ஐரோப்பிய மத்திய வங்கி செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று ப்ரொஃபஸர் சொல்கிறாரே, அது பொருளாதாரப்படி சரியா? ஸ்பெயின் படங்கள், தொடர்கள் எல்லாவற்றிலும் ஏன் இந்த இடதுசாரி வாடை?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அவர் கோபம் நியாயமானது, கணக்குதான் இடிக்கிறது. இரண்டாவதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். ஏனென்றால் ஸ்பெயினில் 'சோஷலிசம்', 'சந்தை' என்ற பெயர்ப்பலகைகள் பல சமயம் கடை மாறித் தொங்கும். வீட்டு வாடகையை ஏற விடாமல் கட்டிப்போட்டது, ரொட்டிக்கு ரேஷன் கார்டு கொடுத்தது, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ் கேட்டது, இதெல்லாம் 1939 முதல் 1975வரை ஆண்ட ஃபிராங்கோவின் வலதுசாரி சர்வாதிகாரம். வாடகைச் சந்தையைத் திறந்துவிட்டதும், நஷ்டத்தில் ஓடிய கப்பல் கட்டும் தளங்களுக்குப் பூட்டுப் போட்டதும் சோஷலிஸ்ட் கட்சி. இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஊர்ப் படத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே பிடிபடாது.

சரி, ப்ரொஃபஸருக்கு வருவோம். நாணயச் சாலைக்குள் புகுந்து நோட்டு அடிக்கும் கொள்ளைக் கும்பலின் தலைவர் அவர். அவரைப் பிடிக்க வந்த இன்ஸ்பெக்டர் ராக்கெலிடம் பேசும் காட்சி. ஒரு நோட்டை எடுத்து, "இது வெறும் காகிதம்" என்று கிழித்துக் காட்டுகிறார். 2011இல் மத்திய வங்கி 17,100 கோடி யூரோவை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கியது, 2012இல் 18,500 கோடி, 2013இல் 14,500 கோடி, அத்தனையும் நேராக வங்கிகளுக்குப் போனது, அதை யாராவது திருட்டு என்றார்களா என்கிறார். ஸ்பெயினில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது வெறும் வசனம் இல்லை. 2013 ஆரம்பத்தில் அங்கே வேலையில்லாதவர்கள் 27 சதவீதம். 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் பாதிக்கு மேல். 2011 மே 15 அன்று தலைநகர் மத்ரிதின் புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் உட்கார்ந்த கூட்டம் வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் பேச்சைத்தான் தொடர் ப்ரொஃபஸர் வாயில் வைத்தது.

கணக்கு எங்கே இடிக்கிறது? மத்திய வங்கி நோட்டு அடித்து மூட்டை கட்டி வங்கிகளுக்குக் கொடுக்கவில்லை. கடன் கொடுத்தது. 2011 டிசம்பரில் சுமார் 48,900 கோடி யூரோ, 2012 பிப்ரவரியில் சுமார் 52,900 கோடி. இரண்டும் மூன்று வருடக் கடன், அடமானத்தின் பேரில், வட்டி 1 சதவீதம் அளவில். பிறகு திருப்பியும் வாங்கிக்கொண்டது. ஆக ப்ரொஃபஸர் சொன்ன தொகை நிஜத்தில் நடந்ததைவிடச் சின்னது. ஆனால் நடந்தது அன்பளிப்பு இல்லை, கடன்.

இதோடு நிறுத்தினால் வங்கிகளுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். 1 சதவீதத்துக்கு வாங்கிய காசில் ஸ்பெயின் வங்கிகள் என்ன செய்தன? கணிசமான பகுதியை 5 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்த தங்கள் அரசின் கடன் பத்திரங்களிலேயே போட்டன. உட்கார்ந்த இடத்தில் லாபம். அதே சமயம் வீட்டுக் கடன் கட்ட முடியாதவன் சாவியைத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் தீராது. ஏலத்தில் வீடு போன விலை போக மிச்சத்தை அவன் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். வங்கிகளைத் தூக்கிவிட 2012இல் ஐரோப்பிய நிதியிலிருந்து அரசு எடுத்தது 4,100 கோடி யூரோவுக்கு மேல். ப்ரொஃபஸரின் கோபம் நியாயம் என்றது இதனால்தான்.

அப்புறம், அவருடைய சொந்தத் திருட்டு. நாணயச் சாலையில் அடித்துக்கொண்டு போனது 98.4 கோடி யூரோ. தொடர் வெளியான 2017இல் புழக்கத்தில் இருந்த யூரோ நோட்டு 1 லட்சம் கோடிக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. யூரோ புழங்கும் நாடுகளின் சுமார் 34 கோடி மக்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 3 யூரோ வராது. யாருடைய பர்ஸிலிருந்தும் எதுவும் குறையவில்லை என்று அவர் சொல்வது அதனால்தான் எடுபடுகிறது. ஆனால் எல்லோர் கையிலும் இருக்கும் நோட்டின் மதிப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சீவல் சீவி எடுத்ததுதானே அது? சின்னச் சீவல் என்பதற்காகத் திருட்டு இல்லை என்றாகிவிடாது.

இதை முதலில் சொன்னது நான் இல்லை. ப்ரொஃபஸருக்குச் சரியான பதில் ஸ்பெயினிலேயே 400 வருடங்களுக்கு முன்னால் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் ஒரு பாதிரியார். ஹுவான் தெ மரியானா, இயேசு சபையைச் சேர்ந்தவர். மூன்றாம் ஃபிலிப் மன்னரின் காலம். கஜானா காலி. செப்புக் காசைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, 2 மரவெதி என்றிருந்ததில் 4 என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். 1603இல் நடந்தது இது. ஒரே காசு, ஒரே செம்பு, மதிப்பு மட்டும் இரட்டிப்பு. வித்தியாசம் மன்னருக்கு. மரியானா 1609இல் லத்தீனில் ஒரு புத்தகம் போட்டார். குடிமக்களின் சம்மதமில்லாமல் காசின் மதிப்பை மாற்றுவது அவர்கள் சொத்தை எடுப்பதுதான், அதுவும் ஒரு வரிதான், விலைவாசி ஏறி அது தெரிய வரும் என்பது அதன் சாரம். பலன்? 73 வயதில் ராஜ நிந்தனை வழக்கு, மத்ரிதில் ஒரு மடத்தில் காவல்.

அவருக்கும் முன்னால், 1556இல், மார்த்தின் தெ அஸ்பில்குவெத்தா என்ற இன்னொரு குருவானவர் அதே ஊரில் ஏறிக்கொண்டிருந்த விலைவாசியைப் பார்த்து ஒரு விஷயம் எழுதி வைத்தார். தென் அமெரிக்காவின் பொதோசியிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வெள்ளி கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பணம் அரிதாக இருக்கும் நாட்டில் ரொட்டியும் கூலியும் மலிவு, பணம் மலிந்த நாட்டில் எல்லாம் விலை என்றார். பணத்தின் அளவுக்கும் விலைவாசிக்கும் உள்ள உறவை இத்தனை தெளிவாக எழுதியவர்களில் அவர் முதல் வரிசை. இவர்களை எல்லாம் சேர்த்து சலமான்கா சிந்தனை மரபு என்பார்கள். 20ஆம் நூற்றாண்டில், சந்தை ஆதரவுப் பொருளாதார அறிஞர் ஹாயெக்கின் மாணவி மார்ஜரி கிரைஸ்-ஹட்சின்சன் 1952இல் புத்தகமாகப் போட்ட பிறகு, தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்கள் இந்தக் குருமார்களைத் தங்கள் பாட்டன்மார்களாக வரித்துக்கொண்டார்கள். ஆக, சந்தைச் சிந்தனை என்பது ஸ்பெயினுக்கு ஆங்கிலேயர்கள் கொண்டுபோய்க் கொடுத்த சரக்கு இல்லை. ஒரு கவனம் மட்டும்: அஸ்பில்குவெத்தாவின் கணக்கு எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஐரோப்பிய மத்திய வங்கி 2015 மார்ச்சிலிருந்து மாதம் 6,000 கோடி யூரோவுக்குப் பத்திரங்கள் வாங்கித் தள்ளியும் அந்த வருடம் ஸ்பெயினில் விலைவாசி ஏறவில்லை, லேசாக இறங்கியது. கையில் வந்த பணத்தைச் செலவழிக்க ஆள் இல்லாத காலம் அது.

இப்போது சினிமா. ஸ்பெயினின் பொருளாதாரம் புரிய வேண்டுமென்றால் நான் மணி ஹைஸ்ட் பக்கம் கை காட்ட மாட்டேன். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டுவேன். அதிலும் முதலில் 'எல் பிசிதோ', அதாவது 'சின்ன ஃப்ளாட்'. எடுத்தவர் மார்கோ ஃபெரேரி, இத்தாலிக்காரர். கேமரா லென்ஸ் விற்க ஸ்பெயினுக்கு வந்து அங்கேயே படம் எடுக்க உட்கார்ந்துவிட்டவர். எழுதியவர் ரஃபாயெல் அஸ்கோனா.

கதை ஒரு வரி. ரொதோல்ஃபோவுக்கும் பெத்ரிதாவுக்கும் நிச்சயமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ள வீடு கிடைக்கவில்லை. ரொதோல்ஃபோ, தோன்யா மார்த்தினா என்ற கிழவியின் வாடகை வீட்டில் ஒரு அறையில் உள்வாடகைக்கு இருக்கிறான். வாடகை பழைய வாடகை, சொற்பம். கிழவி செத்தால் வீடு உரிமையாளர் கைக்குப் போய்விடும். யோசனை வருகிறது: கிழவியையே கல்யாணம் செய்துகொள். அவள் போன பிறகு கணவன் என்ற முறையில் வாடகை உரிமை உனக்கு வரும், அப்புறம் பெத்ரிதாவைக் கட்டிக்கொள்ளலாம். ரொதோல்ஃபோ கூசுகிறான். பிடித்துத் தள்ளுவது பெத்ரிதாதான். கல்யாணம் நடக்கிறது. ஆனால் கிழவி லேசில் சாகிற வழியாக இல்லை.

சிரிப்புப் படம்தான். ஆனால் வாடகைக் கட்டுப்பாடு ஒரு மனிதனை என்ன செய்யும் என்று பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த அளவுக்குப் பதியாது. 1946ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று விஷயம் செய்தது. வாடகை ஏறாது, வாடகைக்காரர் விரும்பும்வரை ஒப்பந்தம் தானாக நீளும், இறந்தால் மனைவிக்கோ கணவனுக்கோ கூட இருந்த உறவினருக்கோ மாறும். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு வரம். வெளியே நின்றவர்களுக்கு? கிராமங்களிலிருந்து மத்ரிதுக்கு ஜனம் வந்து குவிந்துகொண்டிருந்தது. இந்த வாடகைக்கு எவன் புது வீடு கட்டி விடுவான்? விலை வேலை செய்யாத இடத்தில் வேறு ஏதோ ஒன்று விலையாகிவிடும். இந்தப் படத்தில் அது ஒரு கிழவியின் ஆயுசு. பெத்ரிதா கெட்டவள் இல்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து காய்ந்துபோனவள். அவளாக நடித்த மேரி கரியோவின் முகத்தைப் பாருங்கள், வீட்டு விஷயம் பேச்சில் வந்தாலே ஒரு கடுகடுப்பு ஏறும்.

இதைப் பார்த்துவிட்டுச் சந்தை ஆதரவாளர்கள் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே" என்று துள்ள வேண்டாம். சட்டம் போட்டது சோஷலிஸ்டுகள் இல்லை. கேலி செய்தவர்களும் சந்தையின் சீடர்கள் இல்லை. 1985இல் மிகெல் போயெர் என்ற சோஷலிஸ்ட் நிதியமைச்சர் ஒரு ஆணை போட்டுத்தான் புது ஒப்பந்தங்களில் அந்தக் கட்டாய நீட்டிப்பை எடுத்தார். ஃபிராங்கோவின் வீட்டுவசதி அமைச்சர் அர்ரெசே 'பாட்டாளிகளின் ஸ்பெயின் வேண்டாம், சொத்து வைத்திருப்பவர்களின் ஸ்பெயின் வேண்டும்' என்று சொன்னவர். வாடகை வீட்டுக்கு வழியில்லை என்றால் சொந்த வீடுதானே? 2006இல் ஒரே வருடத்தில் 8 லட்சத்துக்கும் மேல் வீடுகள் கட்ட அனுமதி கொடுத்து, 2008இல் எல்லாம் சரிந்து விழுந்த கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே அஸ்கோனா, லூயிஸ் கார்சியா பெர்லாங்கா என்ற இயக்குநரோடு சேர்ந்து எழுதியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 'எல் வெர்துகோ', 1963. அரசாங்கத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றும் கிழவர் ஓய்வு பெறப்போகிறார். அரசு ஊழியர் என்பதால் ஃப்ளாட் ஒதுக்கியிருக்கிறார்கள், ஓய்வு பெற்றால் அது கையை விட்டுப் போகும். மருமகன் பிண வண்டிக் கம்பெனியில் வேலை செய்பவன், மென்மையான ஆள். ஃப்ளாட்டுக்காக மாமனாரின் வேலையை வாங்கிக்கொள்கிறான், யாரையும் கொல்ல வேண்டி வராது என்ற நம்பிக்கையில். கடைசியில் மயோர்கா தீவிலிருந்து உத்தரவு வருகிறது. சுற்றுலாப் பயணிகள் குளித்துக்கொண்டிருக்கும் தீவு. வெள்ளையடித்த ஒரு பெரிய கூடத்தின் நடுவே கைதி அமைதியாக நடந்துபோகிறார். தண்டனையை நிறைவேற்ற வேண்டிய மருமகனைத்தான் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு ஃப்ளாட்டின் விலை அது.

இன்னொன்று 'பிளாசிதோ', 1961. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஒரு சின்ன ஊர். ஆளுக்கொரு ஏழையை வீட்டுக்குக் கூட்டிப்போய் விருந்து போடுங்கள் என்று பிரசாரம். பாத்திரக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காகச் செலவை ஏற்கிறது. பிளாசிதோவின் மூன்று சக்கர வண்டியை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் பிடித்து மேலே ஒரு பெரிய நட்சத்திரத்தைக் கட்டிவிட்டார்கள். அவனுக்கு ஒரே கவலை. வண்டிக்கான முதல் தவணையை இன்றைக்குள் கட்ட வேண்டும். வாடகைக் காசை இன்னும் கொடுக்கவில்லை. வங்கி மூடப்போகிறது. படம் முழுக்க மனிதன் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். ஊரே தர்மம் செய்வதில் மும்முரமாக இருப்பதால் அவன் சொல்வதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. அவன் மனைவி பொதுக் கழிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள், குடும்பம் அங்கேதான் பொழுதைக் கழிக்கிறது. தர்மத்துக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. முதலில் வைத்த தலைப்பு 'உங்கள் மேஜையில் ஓர் ஏழையை அமர்த்துங்கள்'. தணிக்கைக் குழு ஒத்துக்கொள்ளவில்லை.

பெர்லாங்காவின் பெயர் வெளியே தெரிந்தது 1953இல் வந்த 'வருக, மிஸ்டர் மார்ஷல்' மூலம். மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா ஐரோப்பாவுக்குக் கொட்டிய பணத்தில் ஸ்பெயினுக்குப் பங்கில்லை. படத்தில் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு காஸ்தில்ய கிராமம், அமெரிக்கர்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களுக்குப் பிடிக்குமே என்று தெற்கத்திய ஆந்தலூசியாக்காரர்களைப் போல வேஷம் கட்டிக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு பொருள் கேட்கலாம் என்று வரிசையில் நிற்கவைத்து எழுதிக்கொள்கிறார்கள். ஒரு விவசாயி கனவில் வானத்திலிருந்து பாராசூட்டில் டிராக்டர் இறங்குகிறது. கடைசியில் கார்கள் நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடுகின்றன. தோரணம் கட்டிய செலவைத் தலைக்கு இவ்வளவு என்று ஊரே போட்டு அடைக்கிறது. படம் வந்த அதே 1953 செப்டம்பரில்தான் ராணுவ தளங்களுக்கு ஈடாக அமெரிக்க உதவி தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன் கதையில் கைவைத்தவர்களில் ஒருவர் ஹுவான் அந்தோனியோ பார்தெம், கம்யூனிஸ்ட். அவர் தங்கை மகன்தான் நடிகர் ஹவியேர் பார்தெம். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடையில் ஒரு விஷயம். இந்தப் படங்கள் எல்லாம் எந்தச் சந்தையில் வந்தன தெரியுமா? 1941இல் வெளிநாட்டுப் படங்கள் எதுவானாலும் ஸ்பானியத்தில் டப் செய்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வெட்ட வேண்டிய வசனத்தை வெட்டச் சௌகரியம். ஹாலிவுட் படத்தை இறக்குமதி செய்து டப் செய்யும் லைசென்ஸை உள்ளூர்ப் படம் எடுப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அரசாங்கக் குழு நல்ல தரம் என்று முத்திரை குத்தினால் கூடுதல் லைசென்ஸ். என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். குழுவுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதோ ஒரு படத்தை எடுத்து, லைசென்ஸை விற்றுக் காசு பார்த்தார்கள். படம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? டப்பிங் கட்டாயம் பின்னாளில் போனது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் ஸ்பெயினில் பெரும்பாலோர் ஹாலிவுட்டை டப்பிங்கில்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான சோதனையும் அதே நாட்டில் நடந்திருக்கிறது. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் பார்சலோனாவில் தியேட்டர்களையும் ஸ்டுடியோக்களையும் சி.என்.டி. என்ற, அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதத் தொழிற்சங்கம் எடுத்துக்கொண்டது. முதலாளி கிடையாது, டிக்கெட் கிழிப்பவரிலிருந்து எல்லோரும் சங்கத்தின் ஆட்கள். படமும் எடுத்தார்கள். 'அவ்ரோரா தெ எஸ்பெரான்சா', 1937, விடுமுறை முடிந்து திரும்பும் தொழிலாளி ஆலை மூடிக் கிடப்பதைப் பார்க்கும் கதை. நோக்கம் உயர்ந்தது, படம் சுமார்தான். கூட்டம் என்னவோ அமெரிக்கப் படங்களுக்குத்தான் போனது, சங்கமும் வசூலுக்காக அவற்றை ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. முதலாளியை வெளியேற்றலாம், ரசிகனை என்ன செய்ய முடியும்? இந்தச் சோதனை தோற்றது சினிமாவால் இல்லை, போரால். ஆனால் எது ஓடும் என்ற கேள்விக்கு அவர்களிடமும் பதில் இருக்கவில்லை. அராஜகவாதிகளும் சினிமாவும் என்றால் எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு சம்பவம். ரமோன் அசீன் என்ற ஹுவெஸ்காவூர் ஓவியர், அராஜகவாதி, லாட்டரி விழுந்தால் நீ படம் எடுக்கப் பணம் தருகிறேன் என்று நண்பர் லூயிஸ் புனுவேலிடம் சொல்லியிருந்தார். விழுந்தது. கொடுத்தார். வறுமையில் கிடந்த லாஸ் உர்தெஸ் மலைப்பகுதியைப் பற்றிய ஆவணப்படம் அப்படி உருவானது. 1936 ஆகஸ்டில் அசீனை ஃபிராங்கோ தரப்பினர் சுட்டுக்கொன்றார்கள்.

ஹவியேர் பார்தெமுக்கு வருகிறேன். அவர் நடித்த படத்துக்கு முன்னால் கொஞ்சம் அரசியல். சோஷலிஸ்ட் கட்சி 1979 மே மாநாட்டில் மார்க்சியத்தைக் கைவிட மறுத்தது. ஃபெலிபெ கோன்சாலெஸ் தலைமையை உதறிவிட்டுப் போனார். செப்டம்பரில் கட்சி அவர் வழிக்கு வந்தது. 1982இல் ஆட்சியைப் பிடித்து 1996வரை இருந்தார். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர வேண்டும், 1986இல் சேர்ந்தார்கள். அதற்குமுன் இரும்பு ஆலை, கப்பல் தளம் எல்லாவற்றையும் ஆட்குறைப்புச் செய்ய வேண்டும். அதைச் செய்தது இந்தச் சோஷலிஸ்ட் அரசுதான். பில்பாவோவில் கப்பல் கட்டிய இடத்தில் இன்று மாநாட்டு மண்டபம் நிற்கிறது. அந்தக் குறைப்பு இருபது வருடம் இழுத்தது. அதன் வாலில் வந்த படம் 2002இன் 'லோஸ் லூனெஸ் அல் சோல்', 'வெயிலில் திங்கட்கிழமைகள்'. வேலை போன கப்பல் தளத் தொழிலாளிகள், திங்கட்கிழமையும் அவர்களுக்கு ஞாயிறுதான்.

சாந்தா என்ற பாத்திரத்தில் பார்தெம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டில் எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை வாசித்துக் காட்டுகிறான். உழைத்த எறும்பு, பாட்டுப் பாடிய வெட்டுக்கிளி, நமக்குத் தெரிந்ததுதான். பாதியில் கோபம் வந்துவிடுகிறது. சிலர் வெட்டுக்கிளியாகவே பிறக்கிறார்களே, பிறந்துவிட்டால் தொலைந்தார்கள் என்று ஏன் இதில் எழுதவில்லை என்று குழந்தையிடம் சண்டைக்குப் போகிறான். இன்னொரு சரடு, தெருவிளக்கு. போராட்டத்தின்போது ஒரு விளக்கை உடைத்ததற்கு 8,000 பெசெத்தா (யூரோவுக்கு முந்தைய ஸ்பெயின் நாணயம்) கட்டச் சொல்கிறது நீதிமன்றம். அற்பத் தொகை, கட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறார் வக்கீல். கட்ட மாட்டேன் என்கிறான். கடைசியில் கட்டுகிறான். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய், அதே விளக்கை மறுபடி உடைத்துவிட்டு வந்து உட்காருகிறான். விலை கொடுத்தாகிவிட்டது, சரக்கை எடுத்துக்கொள்கிறான்! இதே படத்தில் முன்னாள் சோவியத்காரர் ஒருவர் ஒரு ஜோக் சொல்வார். கம்யூனிசத்தைப் பற்றி நமக்குச் சொன்னதெல்லாம் பொய். அதைவிட மோசம், முதலாளித்துவத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை.

டி.வி.யைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1956இல் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி விளம்பரத்தில் பிழைத்தது. தனியார் சேனல்கள் 1990இல்தான் வந்தன. 1972இல் தொடங்கிய 'உன், தோஸ், த்ரெஸ்' போட்டி நிகழ்ச்சியில் ஒரு சரியான பதிலுக்கு 25 பெசெத்தா, கடைசியில் ஜெயித்தால் கார் அல்லது கடற்கரை ஊரான தொர்ரெவியெஹாவில் ஃப்ளாட், தோற்றால் பூசணிக்காய். மறுபடியும் ஃப்ளாட்!

மணி ஹைஸ்ட்டும் தனியார் சேனல் ஒன்றில் 2017 மேயில் தொடங்கியதுதான். முதல் நாள் 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். முடியும்போது அதில் பாதிக்கும் கீழ். அத்தோடு முடிந்த கதை. நெட்ஃப்ளிக்ஸ் வாங்கி, 70 நிமிட அத்தியாயங்களைச் சின்னதாக வெட்டிப் போட்ட பிறகுதான் உலகம் பார்த்தது. வங்கியை எதிர்க்கும் சிவப்பு உடை எல்லா ஊரிலும் விற்றது. இதில் முரண்பாடு என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஃபிராங்கோ காலத்தில் அரசாங்க மானியத்தில்தான் அரசாங்கத்தைக் கேலி செய்தார்கள்.

இடதுசாரி வாடை என்றீர்களே, 'எல் ஓயோ' பாருங்கள், 2019. செங்குத்தான சிறை, தளத்துக்கு இரண்டு பேர், மேலிருந்து சாப்பாட்டு மேடை இறங்கி வருகிறது. மேலே இருப்பவன் தின்றது போக மிச்சம்தான் கீழே. மாதத்துக்கு ஒருமுறை தளம் மாறும். ஒரு பெண் தினமும் கீழ்த்தளத்துக்காரர்களிடம், உங்கள் பங்கை மட்டும் தின்றுவிட்டு அடுத்தவர்களுக்கு எடுத்து வையுங்கள் என்று கெஞ்சுகிறாள். ஒருவரும் மதிப்பதில்லை. கதாநாயகன் எட்டிப் பார்த்து, கேட்காவிட்டால் சாப்பாட்டில் மலம் கழித்துவிடுவேன் என்கிறான். உடனே பங்கீடு நடக்கிறது. மேலே இருப்பவர்களுக்கும் சொல்லேன் என்கிறாள் அவள். மேல்நோக்கி என்னால் முடியாது என்கிறான். திட்டமிட்ட பங்கீட்டுக்கு ஆதரவா எதிர்ப்பா இந்தப் படம்? இரண்டு தரப்பும் தங்கள் படம் என்று சொல்லிக்கொள்கின்றன.

பார்த்து முடித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னதால் மணி ஹைஸ்ட்டின் முடிவைப் பற்றித் தைரியமாகப் பேசலாம். ஸ்பெயின் வங்கியின் 90 டன் தங்கம் போய்விட்டது என்ற செய்தி பரவியதும் பொருளாதாரம் சரிகிறது. தங்கக் கட்டிகள் திரும்பி வருகின்றன, சந்தை நிமிர்கிறது. அப்புறம்தான் தெரிகிறது, வந்தவை முலாம் பூசிய பித்தளை. கொள்ளையர்களை எதிர்க்கும் தரப்பின் தலைவரான கர்னல் தமாயோவால் அதை வெளியே சொல்ல முடியாது. யூரோவுக்குப் பின்னால் தங்கம் இல்லாத காலத்தில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். ஆனால் ஸ்பெயினில் இது ஒருமுறை நடந்தே இருக்கிறது. 1936 அக்டோபரில், உள்நாட்டுப் போரின்போது, ஃபிராங்கோவை எதிர்த்துப் போரிட்ட குடியரசு அரசின் நிதியமைச்சர் ஹுவான் நெக்ரின் உத்தரவுப்படி, ஸ்பெயின் வங்கியின் தங்கத்தில் சுமார் 510 டன் கார்தகேனா துறைமுகத்தில் நான்கு சோவியத் கப்பல்களில் ஏறி மாஸ்கோவுக்குப் போனது, ஆயுதம் வாங்க. எதிர்த்தரப்பில் ஃபிராங்கோ தனியாக ஒரு பெசெத்தா அடித்துப் புழங்கவிட்டார். அதற்குப் பின்னால் சல்லித் தங்கம் இல்லை. போர் முடியும்வரை இரண்டு பெசெத்தாக்களில் மதிப்பு கூடுதலாக நின்றது அதுதான்.